ஆணி உயரத்துக்கு ஒரு செடி

திருத்தணியில் செடி வாங்க வருகிறவர்கள் பூ பூக்குமா, வாஸ்துவுக்கு ஆகுமா, ஆடு மேயாமல் இருக்குமா என்று கேட்பார்கள். ஹேமநாதன் எதையும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அதில் ஓரிடத்தில் முடிச்சு இருந்தது. நூலின் நுனியைச் செருப்பால் மிதித்துக்கொண்டு, முடிச்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இந்த ஒசரத்துக்கு ஒரு செடி வேணும். ஊட்டுக்குள்ள வைக்க" என்றார்.

அரக்கோணம் ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் டில்லிபாபு நூலைப் பார்த்தார், பிறகு ஆளைப் பார்த்தார்.

"செடிய யாருனா ஒசரம் அளந்து வாங்குவாங்களா சார்? வெளிச்சம் எப்பிடி வருது, அத்த சொல்லுங்க மொதல்ல."

"ஹால் மூலை."

"ஜன்னல் பக்கமா?"

"இல்ல. மூலை."

டில்லிபாபு பேசாமல் வியாபாரம் செய்யத் தெரியாத மனிதர். காலை பத்து மணிக்கு விளக்குப் போடாமல் அந்த மூலையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடிந்தால்தான் செடி பிழைக்கும் என்றார். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றார். உயரமான செடியைத் திடீரென்று இடம் மாற்றினால் அதிர்ந்துபோய் இலையைக் கொட்டும், முழங்கால் உயரத்தில் வாங்கினால் வீட்டோடு பழகி வளரும் என்றார். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். எல்லாவற்றுக்கும் ஹேமநாதன் "ஆங்" என்றார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. ஆந்திராவிலிருந்து லாரியில் வந்து இறங்கியிருந்த அரிக்கா பாம் என்கிற அலங்காரப் பனைகளை நூலால் ஒவ்வொன்றாக அளந்து, முடிச்சைத் தாண்டிய முதல் செடியைக் காட்டி, "இத்த ஆட்டோல ஏத்துங்க" என்றார்.

ஹேமநாதன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பொதட்டூர்பேட்டை வண்டி எத்தனை மணிக்கு, திருவாலங்காடு வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று இருபத்தாறு வருஷமாக மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறவர். கிருத்திகை நாளில் காவடிக்கூட்டம் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நிற்கும்போதும் அந்தக் குரல் ஏறாது, இறங்காது. ஒரே மகன் அசோக்குமார் ஐந்து நாள் டெங்கு காய்ச்சலில் போனபிறகும் அந்தக் குரல் அப்படியேதான் இருந்தது. பதினேழாம் நாள் டூட்டிக்கு வந்தார். இரண்டு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட நேரம் தப்பிச் சொல்லவில்லை. மனுஷன் தேறிவிட்டார் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். தேறவெல்லாம் இல்லை, மரத்துப்போயிருந்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். டீக்கடையில் கொதிக்கிற டீயை வாயில் ஊற்றி நாக்கு வெந்தபோது, பக்கத்தில் இருந்தவர்தான் பதறினாரே தவிர அவர் பதறவில்லை.

அந்த நூலுக்கும் முடிச்சுக்கும் காரணம் ஓர் ஆணி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த, மனைவி மனோரமாவின் அண்ணன் சுந்தரமூர்த்தி, அசோக்கின் போட்டோவைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு எடுத்து வந்திருந்தார். குட்டையான மனிதர். ஸ்டூல்கூடத் தேடாமல், தன் கைக்கு எட்டிய இடத்தில் ஹால் மூலைச் சுவரில் ஆணி அடித்து, போட்டோவை மாட்டி, சந்தனப் பொட்டும் மாலையும் வைத்தார். சமையலறையிலிருந்து வெளியே வந்த மனோரமா அதைப் பார்த்தாள். "எறக்குண்ணா" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சு வரவில்லை. தாய் மனசு, மகன் போட்டோவுக்கு மாலை போட்டுப் பார்க்கத் தாங்கவில்லை என்று சொந்தக்காரர்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். போட்டோ பழைய லுங்கித் துணியில் சுற்றப்பட்டு பீரோவின் மேல் போனது. ஆணி மட்டும் சுவரில் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து மனோரமா ஹாலில் உட்காரவில்லை. சமைப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் சமையலறையில்தான். கடைக்குப் போனாலும் பின்கதவு வழியாகத்தான். ஹேமநாதன் ஹாலில் தனியாகச் சாப்பிட்டார். ஒரு நாள் குறடு எடுத்து ஆணியைப் பிடுங்கப் போனபோது உள்ளேயிருந்து, "அத்த தொடாதீங்க" என்று குரல் வந்தது. போட்டோவும் வேண்டாம், ஆணியையும் எடுக்கக் கூடாது என்றால் மனிதன் என்னதான் செய்வான்?

மரத்துப்போன ஆளுக்கும் ஓர் ஆசை மிச்சமிருந்தது. மனோரமா ஹாலுக்கு வர வேண்டும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிட வேண்டும். ஆணி கண்ணில் படாவிட்டால் வருவாள் என்று அவருக்குத் தோன்றியது. அரக்கோணத்தில் ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஆள் உயரச் செடி ஒன்று சுவரை மறைத்து நின்றதைப் பார்த்திருந்தார். நூலை எடுத்துத் தரையிலிருந்து ஆணிவரை அளந்து முடிச்சுப் போட்டார்.

அரிக்கா பாம் மூலையை அடைத்துக்கொண்டு அழகாகத்தான் நின்றது. ஆணி மறைந்தது. மனோரமா வரவில்லை.

தினமும் டூட்டிக்குக் கிளம்பும் முன் ஐந்து நாற்பதுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். மண் ஈரமா, காய்ந்ததா என்று பார்க்கவில்லை. அவருடைய கணக்கில் செடியும் ஒரு வண்டி, நேரம் ஆனால் தண்ணீர் விட்டுவிட வேண்டும். மூன்றாவது வாரம் ஓலை நுனிகள் கருகின. அடி மட்டைகள் மஞ்சளாகின. இரண்டு மாதத்தில் தொட்டி மண்ணிலிருந்து அழுகல் நாற்றம் வந்தது. இழுத்துப் பார்த்தபோது செடி வேரில்லாமல் கையோடு வந்தது.

டில்லிபாபு தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பேப்பர் படிச்சிப் பார்த்தீங்களா சார்?"

"இல்ல."

"இன்னிக்குப் போயி ஒக்காந்து பாருங்க. அப்பறமா வாங்க."

மறுநாள் வார ஓய்வு. பத்து மணிக்கு மூலையில் தரையில், ஆணிக்கு நேர் கீழே பேப்பரோடு உட்கார்ந்தார். தலைப்பு தெரிந்தது, சேதி தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தார். நேர் எதிரே சமையலறை வாசல். அதற்குள் அருவாமணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனோரமா இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரையா, இவர் தலைக்கு மேலேயா என்று ஹேமநாதனுக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வெளிச்சம் பத்தல" என்று போய்ச் சொன்னார். "ஆனா அங்கதான் வைக்கணும்."

"அப்போ ரப்பர் செடி எடுத்துனு போங்க. கொஞ்சம் தாங்கும். ஆனா அதுவும் ஜன்னலத் தேடித்தான் சாயும், நான் சொல்லலன்னு சொல்லாதீங்க."

நூல் மறுபடியும் வெளியே வந்தது. முடிச்சு உயரத்துக்கு ஒரு ரப்பர் செடி வந்து சேர்ந்தது. தடித்த, கரும்பச்சை இலைகள். டைல்ஸ் தரை கறைபடக் கூடாதென்று பெரிய பிளாஸ்டிக் தட்டும் வாங்கி அடியில் வைத்தார். இந்தத் தடவை விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினார், அந்த மட்டும் தேறியிருந்தார். வழிந்து தட்டில் நின்ற தண்ணீரை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் யோகலட்சுமி டார்ச்சோடு வந்தாள். மாடித் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தவள் செடிக்கு அடியில் குனிந்தாள்.

"சார், தட்டுல புழு கீது பாருங்க. நெறைய கீது. இதான் டெங்கு கொசு."

அவள் வேலைக்குப் புதிது, இந்த வீட்டுக் கதை தெரியாது. ஹேமநாதன் குனிந்தார். டார்ச் வெளிச்சத்தில் நூல் நூலாக நெளிந்துகொண்டிருந்தன.

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. மனோரமா வந்தாள். இரண்டு வருஷமாக எந்தக் கால் ஹாலில் படாதா என்று அவர் ஏங்கினாரோ அந்தக் கால் ஓடி வந்தது. செடியை ஒரு கையால் சாய்த்து, மறு கையால் தட்டை இழுத்தெடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், சிமெண்டுத் தரையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து ஊற்றினாள். தட்டையும் வீசியெறிந்தாள். பிறகு திரும்பினாள்.

"இந்த ஊட்லயா? எம்புள்ளய துன்னத இந்த ஊட்லயே வளர்க்கிறியா நீ?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவரை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. யோகலட்சுமி நோட்டில்கூட எழுதாமல் மெல்ல வெளியேறினாள்.

ஹேமநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆணிய மறைக்கத்தான் மனோ வச்சேன். அத்த பாக்க முடியாமதான நீ உள்ளயே கீற."

"யார் சொன்னது? அடுப்பாண்ட ஒக்காந்துனு தெனமும் அந்த ஆணியத்தான் பாத்துகினு கீறேன். அவன் இல்லாம கிட்ட வரத்தான் மனசு வர்ல. அதுக்கும் குறுக்க செடிய கொணாந்து வச்சீங்க."

"போட்டோவ எறக்கச் சொன்னியே."

"எறக்கத்தான் சொன்னேன். வாணாம்னா சொன்னேன்?" அவள் சுவரைக் காட்டினாள். "எங்கண்ணன் தன் ஒசரத்துக்கு ஆணிய அடிச்சிட்டாரு. புள்ள மூஞ்சி எம்மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது. நான் என்னிக்கு அவன நேரா பாத்துப் பேசினேன்? ஒன்பதாவது படிக்கும்போதே என்னத் தாண்டிட்டான். அண்ணாந்துதான பேசுவேன். அந்த மூஞ்சி எம்புள்ளது மாதிரியே இல்ல. மேல மாட்டுங்கன்னு சொல்ல வந்தேன், வாய் வர்ல. அதுக்கப்பறம் யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல."

அவள் சொன்னது நிஜம். ஆணியை அளந்தார், செடியை அளந்தார், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் போனதற்கு அழாத மனிதருக்கு அப்போது நெஞ்சு வலிக்கிற மாதிரி அழுகை வந்தது. மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரப்பர் செடியை ஜன்னலருகே நகர்த்தினார்கள். புது இலைகள் எல்லாம் ஏற்கனவே அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தன. மூலை காலியானது. ஹேமநாதன் ஸ்டூல் போட்டு பீரோ மேலிருந்த போட்டோவை இறக்கி, லுங்கித் துணியைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்தார்.

"எவ்ளோ மேல?" என்று கேட்டார்.

பாக்கெட்டிலிருந்த நூலை எடுக்கப் போனார். மனோரமா வேண்டாம் என்று தலையசைத்தாள். சுவரோரம் போய் நின்றாள். மகன் மலைக்கோயிலுக்குப் போய் வந்தாலும், கம்பெனிக்குக் கிளம்பினாலும் அவள்தான் அவனுக்குத் திருநீறு வைப்பாள். குனியச் சொன்னால் அவன் குனிய மாட்டான், எட்டி வை என்று சிரிப்பான். அவள் வலது கை பழக்கத்தில் மேலே போனது. தலைக்கு மேல் ஓரிடத்தில் கட்டை விரல் சுவரில் பட்டு நின்றது.

"இங்கதான் அவன் நெத்தி" என்றாள்.

ஹேமநாதன் ஸ்டூலில் ஏறி, போட்டோவை இரண்டு கையாலும் தூக்கி, மகனின் நெற்றியை அவள் விரலுக்கு நேராகக் கொண்டுவந்து பிடித்தார். மனோரமா அண்ணாந்து பார்த்தாள். ஃபிரேமுக்கு மேலே ஆணிக்குப் பென்சிலால் குறி போடுவதற்குக் கை ஒழியவில்லை. இருவரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.