ஏழேகால் பஸ்ஸுக்கு நான் போட்ட மனு

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது அம்மா எம்.எல்.ஏ. ஆனாள். அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் என்பதால், ஜெயித்த பிறகும் ஊரில் பாதிப் பேர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பூதப்பாண்டியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. அன்றைக்குத்தான் எனக்குச் சனி பிடித்தது.

காலை ஆறு மணிக்கெல்லாம் நாற்காலிகள் நிறைந்துவிடும். முதியோர் பணம் நின்றுபோன பெரியவர், மோட்டார் எரிந்து தண்ணீர் ஏறாத தொட்டிக்காக வந்த பெண்கள், சானல் தண்ணீர் கடைசி வயலுக்கு எட்டவில்லை என்று சேற்றுக் காலோடு வந்த விவசாயிகள். அம்மா ஒவ்வொருவரிடமும் முதலில் "சாப்பிட்டியளா?" என்று கேட்பாள். என்னிடம் அதைக் கேட்க அப்பாவை நியமித்திருந்தாள். வருகிறவர்கள் கூட்டி வரும் பிள்ளைகளையெல்லாம் "நம்ம பிள்ளை" என்பாள். நம்ம பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வரவில்லை, நம்ம பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும். ஊரிலுள்ள அத்தனை பேரும் நம்ம பிள்ளை ஆகிவிட்டால் நான் யார் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும்.

சட்டசபை நடக்கும் நாட்களில் சென்னைக்கு ரயிலேறிவிடுவாள். அவள் பேசியது சில சமயம் டிவியில் கொஞ்சமாக வரும். எங்கள் ஊர்ச் சாலைக் குழியையும் தெருவிளக்கையும் சொல்லி, கடைசியில் "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் முன்வருவாரா?" என்று முடிப்பாள். அப்பாவுக்கு வடசேரிச் சந்தையில் வாழைக்குலைக் கடை. அவரிடம் போய் நான் கையைக் கட்டிக்கொண்டு, "அப்பா அவர்கள் எனக்கு ஒரு ஏத்தன்பழம் தர முன்வருவாரா?" என்பேன். "நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்" என்று சொல்லிவிட்டு அவர் பழத்தைப் பிய்த்துத் தருவார். அந்த வீட்டில் என் கோரிக்கைகள் நிறைவேறியது அவர் ஒருவரால்தான்.

இப்படி எல்லோர் மேலும் பரவிக் கிடந்த என் பொறாமை, ஒரு நாள் ஒரே ஆளின் மேல் போய் நின்றது. மலையடிவாரத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. அங்கிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி, நோட்டுத்தாளில் எழுதி, யாரோ ஒரு பால்காரர் வழியாக மனு கொடுத்து அனுப்பியிருந்தாள். வடசேரியிலிருந்து ராத்திரி ஏழேகாலுக்குக் கிளம்பி அவர்கள் ஊர்வரை போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், திரும்ப விட வேண்டும் என்பது விஷயம். அம்மா அதை நின்றுகொண்டே வாசித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தாள். அதன் பிறகுதான் அந்த வினை நடந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

"மக்ளே, இதப் பாரு. ஒன் வயசுதான். ஒரு அடித்தல் திருத்தல் உண்டா? நீயும் எழுதுகியே, கோழி கிண்டுன மாதிரி."

பார்த்தேன். குண்டு குண்டாக, மணி கோத்த மாதிரி எழுத்து. அந்தக் கணத்திலேயே அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஆனால் கையெழுத்தோடு நின்றிருந்தால் மன்னித்திருப்பேன். அம்மா அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தாள். அந்த ஜிப்புக்குள் இருந்தது என் இரண்டாம் வகுப்பு போட்டோ ஒன்று மட்டும்தான். அது என் இடம். அந்த இடத்துக்கு, நான் முகம்கூடப் பார்த்திராத ஒருத்தி வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு எதற்கெடுத்தாலும் பஸ் பிள்ளைதான். டெப்போவுக்குப் போன் செய்தாள், நடக்கவில்லை. மாவட்ட அதிகாரியைப் பார்த்தாள், நடக்கவில்லை. நேரே போக்குவரத்து அமைச்சரையே பார்ப்பது என்று முடிவுசெய்தாள். அம்மாவின் உதவியாளர் அண்ணன் கடிதத்தைத் தட்டச்சு செய்து, மனுவுக்கு நகல் எடுக்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், பிள்ளையின் எழுத்தை அமைச்சரே பார்க்கட்டும் என்றாள். இதற்கிடையில் என் பள்ளி ஆண்டு விழா வந்தது. நான் நடனத்தில் மயிலாக ஆடினேன். அம்மா வருகிறேன் என்று சொன்னாள். அப்பா தனியாக வந்து, பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு, கடைசிவரை இடம் பிடித்துவைத்திருந்தார்.

மறுநாள் உட்கார்ந்து நானும் ஒரு மனு எழுதினேன். தினமும் மனுக்களைப் பார்த்து வளர்ந்ததால் முறை எனக்கு நன்றாகவே தெரியும். அனுப்புநர், தங்கள் மகள். பெறுநர், மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அம்மா அவர்கள். பொருள், நேரத்தோடு வீடு திரும்பக் கோருதல் தொடர்பாக. "அம்மா வரும்போது நான் தூங்கிவிடுகிறேன். காலையில் நான் எழும்பும்போது வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வீட்டுக்கும் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." கோழி கிண்டாத எழுத்தில் எழுத மூன்று தாள்கள் வீணாயின.

அம்மா சென்னைக்குப் புறப்படும் நாள், அவள் குளிக்கப் போனதும் ஜிப்பைத் திறந்தேன். பஸ் பிள்ளையின் தாளை எடுத்தேன். பொருள் என்ற வரிவரை வாசித்தேன். "ஏழேகால் பேருந்தை மீண்டும் இயக்கக் கோருதல்." அதற்கு மேல் வாசிக்க மனமில்லை. அதை என் அட்லஸ் புத்தகத்துக்குள் செருகிவிட்டு, என்னுடையதை அதேபோல நாலாக மடித்து உள்ளே வைத்தேன். ரயிலில் பையைத் திறப்பாள், என் மனுவைப் பார்ப்பாள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவாள் என்பது என் கணக்கு. பஸ் பிள்ளைக்கு பஸ் கிடைக்காது என்பதும் கணக்கில் இருந்தது. அதை மறைத்து இப்போது நல்ல பெயர் வாங்க நான் விரும்பவில்லை.

அம்மா ரயிலில் பையைத் திறக்கவில்லை. திறந்தது அமைச்சரின் அறையில்.

நாலு நாள் கழித்து, முதலில் ஊர் திரும்பிய உதவியாளர் அண்ணன் வடசேரிக் கடைக்கு வந்து அப்பாவிடம் சொன்னதை, தொங்கிய குலைகளுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன்.

"அமைச்சர் மொதல்ல லெட்டர வாசிச்சாரு அண்ணாச்சி. பொறவு இணைப்பப் பிரிச்சாரு. கொஞ்சம் வாசிச்சுட்டு நிமிந்து, 'என்னம்மா, உங்க மேலயே மனு வந்திருக்கே'ன்னாரு. டீச்சருக்கு மொகம் செத்துப்போச்சு. வாங்கி வாசிச்சாவ. பொறவு, 'சார், இது எம் பிள்ளை எழுதினது, அதுக்க வேலையாக்கும். நான் கொண்டுவந்தது வேற ஒரு பிள்ளைக்க மனு. ஆனா ரெண்டும் ஒரே மனுதான்'னு சொல்லி, அந்தப் பிள்ளை எழுதினத வரி விடாம மனப்பாடமாச் சொன்னாவ. அவரு பேனாவ எடுத்து, கையில இருந்த தாளுலயே ஆர்டர் போட்டுட்டாரு."

அப்பா சிரிக்கவில்லை. குலை வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எம் மோளு என்ன எழுதியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஆர்டர் போட்ட தாளின் நகலை எடுத்துக் கொடுத்தார். அப்பா வாசித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அவர் அதைக் கல்லாவின்மேல் வைத்ததும் நானும் எட்டிப் பார்த்தேன். என் எழுத்து, என் மனு. அதன் ஓரத்தில் அமைச்சரின் பேனா எழுதியிருந்தது: ஏழேகால் வண்டியை உடனே மீண்டும் இயக்கவும்.

கேட்டது நான். கிடைத்தது அவளுக்கு. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன், கல்யாண வீடுகளில்கூடப் பட்டிருக்கிறேன். அந்த மத்தியானத்துக்கு எதுவும் ஈடாகாது. இரண்டும் ஒரே மனு என்று அம்மா வாய் கூசாமல் பொய் சொல்லி, என்னுடையதைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா வந்த அன்று தூங்குவதுபோலக் கிடந்தேன். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ளைக்க கடுதாசி எங்க மக்ளே?"

"எனக்குத் தெரியாது."

என் போர்வையை இழுத்துவிட்டாள். "செரி, எங்கயாவது இருக்கும்" என்றாள். அதற்குமேல் எப்போதும் கேட்டதில்லை.

பஸ் திரும்ப ஓடிய முதல் நாள், வடசேரியில் கொடியசைத்து போட்டோ எடுக்கலாம் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். பஸ் போய்ச் சேர வேண்டிய இடத்தில்தான் நிற்பேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். என்னையும் கூட்டிப்போனாள். அந்தக் குடியிருப்பில் வாழைத்தாரும் மாலையுமாக முப்பது நாற்பது பேர் காத்திருந்தார்கள். யாரோ கைகாட்ட, பஸ் பிள்ளையைப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, பள்ளிக்கூடச் சீருடை. ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்வாள், அம்மாவும் நம்ம பிள்ளை என்று அவள் தலையைத் தடவுவாள் என்று நினைத்து, நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன்.

அவள் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. வளைவில் விளக்கு தெரிந்ததிலிருந்து அவள் கண் அந்த பஸ்ஸிலேயே இருந்தது. பஸ் வந்து நின்றது. மாலை போட ஆட்கள் முன்பக்கம் போனார்கள். பின்வாசல் வழியாக, ஜவுளிக்கடைச் சீருடைச் சேலை உடுத்திய ஒரு பெண் தூக்குச்சட்டியோடு இறங்கினாள். பஸ் பிள்ளை அம்மாவை இடித்துக்கொண்டு ஓடிப்போய் அந்தப் பெண்ணின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையெழுத்து இருந்து என்ன, மரியாதை தெரியவில்லையே என்று எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது.

எட்டு வருடம் கழிந்தது. அம்மா அடுத்த தேர்தலில் தோற்று, சாயங்காலம் முழுக்க வீட்டில் இருக்கிறவளாக ஆகியிருந்தாள். இப்போது கிளம்பிப் போகிறவள் நான். கல்லூரி விடுதிக்குப் பெட்டி கட்டும்போது பழைய அட்லஸைத் தூக்கிப் போட்டேன், தாள் விழுந்தது. பொருள் என்ற வரிக்குக் கீழே அன்றைக்கு வாசிக்காமல் விட்டதை வாசித்தேன்.

"எங்கள் அம்மா வடசேரியில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். ஏழேகால் பஸ் நின்றதிலிருந்து பூதப்பாண்டியில் இறங்கி நடந்து வருகிறாள். அம்மா வரும்போது நான் தூங்கிவிடுகிறேன்."

என்னுடையதில் இருந்த அதே வரி. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அம்மா அடுக்களையில் எனக்குக் கட்டிக் கொடுக்க முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு அங்கே போக எனக்கு உடனே கால் வரவில்லை. பஸ் திரும்ப ஓடிய அன்றைக்கு, நிறுத்தத்தில் அந்தப் பெண்ணும் பிள்ளையும் ஒட்டிக்கொண்டு நடந்து போனதைப் பார்த்தபடி, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடி மேலும் மேலும் இறுகிக்கொண்டே போயிற்று. வலிக்குது, விடு என்று சொல்லி நான் உதறிவிட்டேன்.