நம்பர் இல்லாத கனவு

1. டீக்கடையில் ஜீப்

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கடைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு மூணு நம்பர் சீட்டு எழுதிக்கொண்டிருந்த ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பர்ஸ்ட் ஷிப்டுக்கு வந்து இறங்கிய ஜனம் கையில் டீ கிளாஸோடு நின்று வேடிக்கை பார்த்தது. சில முகங்களில் இழவு வீட்டுக் களை. அவர்கள் கட்டியிருந்த நம்பரும் அல்லவா ஜீப்பில் போகிறது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் மாநிலத்தில் லாட்டரி கிடையாது. பக்கத்து மாநிலத்தில் அரசாங்கமே விற்கிறது. அங்கே தினமும் முதல் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் என்னவாக இருக்கும் என்று இங்கே பணம் கட்டுவார்கள். டிக்கெட் எதுவும் இல்லை, ஒரு துண்டுக் காகிதம்தான். மலைக்கு அந்தப் பக்கம் அரசாங்க வருமானம், இந்தப் பக்கம் குற்றம்.

நான் ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் கட்டித் தரும் கம்பெனியில் வெல்பேர் ஆபீசர். கேன்டீன் சாம்பாரின் உப்பிலிருந்து கிரீச் குழந்தையின் சளி வரைக்கும் என் டிபார்ட்மென்ட். அன்று மதியம் அதில் சூதாட்டமும் சேர்ந்துகொண்டது. பிளான்ட் ஹெட் சுதாகர் கூப்பிட்டு அனுப்பினார். சீட்டு வாங்குகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் ஆட்கள்தான் என்று இன்ஸ்பெக்டர் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சுதாகருக்கு அது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

"உள்ளேயே ஒரு ஆள் இருக்கு மேடம். யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். கூடவே ஒரு பாலிசியும் எழுதிடுங்க" என்றார்.

2. சூதாட்டம் என்றால் என்ன

பாலிசி எழுத மறுநாள் மூன்று பேர் கமிட்டி. நான், செக்யூரிட்டி ஆபீசர், ஹெட் ஆபீசிலிருந்து வீடியோவில் வந்த வக்கீல். வளாகத்துக்குள் சூதாடக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். சாயங்காலம் வரை முடியவில்லை.

பஸ்ஸில் கடைசி சீட்டில் நாலு பேர் டீக்குப் பந்தயம் வைத்து ரம்மி ஆடுகிறார்களே, அது சூதா என்று செக்யூரிட்டி கேட்டார். ரம்மி திறமை ஆட்டம் என்றார் வக்கீல். அதே ரம்மி போனில் என்றால்? அதற்குத் தடை வந்தது, கோர்ட்டில் விழுந்தது, மறுபடி வந்தது, அன்றைய தேதியில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். கிரிக்கெட் டீம் அமைத்துப் பணம் கட்டும் ஆப் பற்றியும் அதே பதில். பேமிலி டேயில் நாமே நம்பர் கூப்பிட்டு நடத்தும் தம்போலாவை யாரும் வாயில் எடுக்கவில்லை.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், லீவே போடாதவர்களுக்கு மாதாமாதம் குலுக்கலில் மிக்ஸி தருகிறோமே, அது எதில் சேர்த்தி என்று கேட்டேன்.

"அதுல யாரும் பணம் கட்டலையே மேடம்" என்றார் வக்கீல்.

"காய்ச்சலோட வந்து நிக்கிறாங்களே சார். உடம்பைக் கட்டறாங்க."

வக்கீலின் படம் சற்று நேரம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் போய்விட்டதா, அவர் யோசித்தாரா, தெரியவில்லை. கடைசியில் அந்த ஒரு வரியையே எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு எழுந்தோம்.

3. பஸ்ஸில் காணும் கனவுகள்

உள்ளே இருக்கும் ஆளைப் பற்றி மறுநாளே தகவல் வந்துவிட்டது. ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் என் ரூமுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "சகுந்தலாம்மாதான் மேடம். அது சீட்டு விக்கல. கனவக் கேட்டு நம்பர் போட்டுக் குடுக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் எனக்கு அந்தக் காட்சி தெரியும். தினமும் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை.

குன்றத்தூரில் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வருவதற்குள் டிரைவரைத் தவிர எல்லாரும் தூங்கிவிடுவார்கள். ஏரியின் மேல் பனி படுத்திருக்கும். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. நானும் பாதிக் கண்ணில் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். பார்த்தது எது, கனவில் வந்தது எது என்று பல நாள் எனக்கே குழம்பியிருக்கிறது. ஐம்பது பேர் ஐம்பது கனவோடு அந்தப் பஸ்ஸில் போவார்கள் என்பது என் எண்ணம். ஒரகடத்தில் இறங்கும்போது யாருக்கும் முழு விழிப்பு இருக்காது. பஞ்ச் மிஷினுக்குப் போகும் காரிடாரில் சகுந்தலா மாப் போட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொருவராக அவர் பக்கம் ஒதுங்கி, தலையைக் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு நகர்வார்கள். ஈரத்தரையில் வழி கேட்கிறார்கள் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

சகுந்தலா ஒல்லியான பெண், ஐம்பதை ஒட்டிய வயது. ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். வீட்டில் அவர் ஒருத்தர் சம்பளம்தான். அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. தண்ணீர் கனவில் வந்தால் இரண்டு, பாம்பென்றால் ஐந்து, கல்யாணப் பந்தல் என்றால் ஒன்பது. சேர்த்து மூன்று இலக்கமாக்கிச் சொல்வார். அதற்குப் பைசா வாங்குவதில்லை.

யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள் என்று சுதாகருக்குத் தெரியும். அதனால் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். நான் போய் அந்த அம்மாவிடம் ஒரு கனவைச் சொல்ல வேண்டும். நம்பர் சொன்னால் அதுவே ஆதாரம். காண்ட்ராக்டருக்கு ஒரு போன், அடுத்த வாரம் முதல் அவர் வரமாட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டென்றால் அது அந்த நிமிஷத்துக்காகத்தான்.

4. என் முறை

வியாழக்கிழமை சொல்வதற்காக ஒரு பொய்க் கனவு தயார் செய்தேன். வெள்ளைப் பசு ஒன்று என் வீட்டு வாசலேறி வந்து ஹாலில் படுத்துக்கொள்கிறது. நம்பர் போட வசதியான கனவு. பஸ்ஸில் அதை இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தரம் சொல்வதற்குள் தூங்கிவிட்டேன்.

அப்போது வேறு கனவு வந்தது. அது எனக்குப் பழைய கனவு. என் வீட்டுக்காரர் ஏரிக்கரையில் நிற்கிறார். கணுக்கால் வரை தண்ணீர். "பஸ் வந்துச்சா?" என்று கேட்கிறார். நான் பஸ்ஸுக்குள் இருக்கிறேன். கண்ணாடியைத் தட்டுகிறேன், சத்தம் வரவில்லை, பஸ் அவரைத் தாண்டிப் போகிறது. ஏரியைத் திறந்துவிட்ட அந்த வெள்ளத்தின்போது நெஞ்சுவலி வந்து இறந்து போனவர் அவர். தெருவெல்லாம் தண்ணீர், ஆம்புலன்ஸ் வர வழியில்லை. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரிடாரில் சகுந்தலாவின் எதிரே போய் நின்றபோது பசு எங்கோ போய்விட்டிருந்தது. வாய் திறந்தால் என் வீட்டுக்காரர்தான் வந்தார். கரை, தண்ணீர், கண்ணாடி, எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு வருஷ சர்வீஸில் கம்பெனிக்குள் நான் அழுதது அன்று ஒரு நாள்தான். சகுந்தலா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"இதுக்கு நம்பர் கெடயாது மேடம்" என்றார். "செத்தவங்க வந்து பேசினா நான் போடறதில்ல. உங்கள பாக்க வந்துகிறாரு. அவர வச்சி காசு கட்டலாமா? வூட்டுக்குப் போயி அவருக்குப் புடிச்சத செஞ்சி காக்காய்க்கு வைங்க."

அவரிடம் இனிமேல் எதையும் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. எதற்காக வந்தேன் என்பதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மேடம். மூணு நாளா சூப்பர்வைசர் பின்னாடியே சுத்தினுகீறாரு."

நான் எதையும் கேட்காமலே மீதியையும் அவரே சொன்னார். பத்துக் கனவு வந்தால் எட்டுக்கு நம்பர் கிடையாதாம். ஒருத்தருக்கு மாதம் ஒரு தரம்தான். மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் கிடையாது. தோற்றுவிட்டு மறுநாளே இன்னொரு கனவோடு வருகிறவனிடம், இது கனவில்லை, நீ இன்னும் தூங்கவே இல்லை, போய்த் தூங்கு என்று அனுப்பிவிடுவாராம். அவர் நம்பர் சொல்லாவிட்டால் யாரும் சீட்டு எழுதப் போவதில்லை. துணிச்சல் வராது.

அன்று பகல் முழுக்க லைனில் நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அந்தம்மா லேசில் தராது என்றார்கள், சலித்துக்கொண்டு. நாங்கள் மூன்று பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுத முடியாத பாலிசியை அவர் மாப் போட்டுக்கொண்டே நடத்திக்கொண்டிருந்தார்.

5. இரண்டு பக்க ரிப்போர்ட்

அவர் எனக்கு நம்பர் சொல்லவில்லை. சுதாகர் கேட்டது அதைத்தான். "நம்பர் சொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பொய்யும் இல்லை, சகுந்தலாவின் வேலையும் பிழைத்திருக்கும்.

எனக்கோ அது போதவில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவள் போல மிதந்துகொண்டிருந்தேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் படிக்கிறவர் மனசு திறந்துவிடும் என்று நம்பினேன். இரவில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். இந்தப் பெண் கனவுக்கு எண் சொல்வது உண்மை என்று ஆரம்பித்தேன். பிறகு அவர் வைத்திருக்கும் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். இவரை எடுத்துவிட்டால் ஆசை போகாது, அதைத் தடுக்கிற கைதான் போகும் என்று முடித்தேன். அந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சுதாகர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு நாளைக்கு நூறு மெயில். முதல் வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார்.

"நீங்களே எழுதியிருக்கீங்களே மேடம், உண்மைன்னு" என்றார்.

மீதியையும் படியுங்கள் சார் என்றேன். படிக்கிறேன் என்று பேப்பரை மடித்து வைத்தார். சனிக்கிழமை சகுந்தலாவின் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டர்களுக்குள் ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. ஒரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை எந்தக் கம்பெனியிலும் அவரை எடுக்கவில்லை.

டீக்கடைக்குப் பின்னால் அடுத்த வாரமே வேறு ஒரு ஸ்டூல் வந்தது. நம்பர் சொல்ல ஆள் இல்லாததால் ஜனம் கையில் கிடைத்ததையெல்லாம் கட்டியது. பஸ் நம்பர், டோக்கன் நம்பர், தினமும். பலர் போனுக்கு மாறினார்கள். போன், போய்த் தூங்கு என்று யாரையும் அனுப்பவில்லை. முன்பு சீட்டுக்காக என்னிடம் அட்வான்ஸ் கேட்டு யாரும் வந்ததில்லை. அதன்பின் வந்தார்கள். பாலிசி மட்டும் நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது.

6. படித்துக் காட்டியது

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சகுந்தலாவின் வீட்டைத் தேடிப் போனேன். அந்த நாட்களில் அவர் யாரோ ஒருவர் தோட்டத்தில் மல்லிகை பறிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாதிச் சம்பளம். என்னைப் பார்த்ததும் வாங்க மேடம் என்றார், நாற்காலி போட்டார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ரிப்போர்ட் காப்பியைக் கொண்டுபோயிருந்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டட்டுமா என்றேன். தலையாட்டினார். இரண்டு பக்கத்தையும் படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அந்த ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரைக்கும் கேட்டவர் உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் பூக்கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நல்லாத்தான் எழுதிகிறீங்க மேடம்" என்றார். "அனுப்பறதுக்கு மின்ன எங்கிட்ட படிச்சிருந்தா, மொத வரிய எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

அதன்பின் எனக்கு மிச்சமிருந்த சர்வீஸில் பதினோரு ரிப்போர்ட் எழுதினேன். யாருடைய வேலை அதை நம்பி இருந்ததோ, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எடுக்கச் சொன்ன வரியை எடுத்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.