சாப்பிட்ட சோற்றுக்குச் சாட்சி

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். ஜமுனாமரத்தூர் போகும் பாதையில் அப்போது தார் போடும் வேலை நடந்தது. என் கணவர் டீ போடுவார், நான் சமைப்பேன். ரோடு வேலைக்குக் கீழேயிருந்து வந்திருந்த இருபத்திரண்டு பேருக்கும் இரண்டு வேளைச் சாப்பாடு எங்களிடம்தான். சாப்பாடு ஒரு ரூபாய். திருப்பத்தூரில் இரண்டு பேர் கூட்டாக நடத்திய ஒரு கம்பெனி அந்த வேலையை எடுத்திருந்தது. வாரா வாரம் பணம் தருவதாகப் பேச்சு.

நான் ஐந்தாவது வரை படித்தவள். தினமும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அவர்களில் ஒருவரான மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக் கம்பியில் குத்தி வைப்பேன்.

நாலு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. பிறகு மூன்று வாரம் வரவில்லை. "அடுத்த வாரம் சேத்துத் தர்றோம்" என்றார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் தார் பீப்பாய்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதலாளிகள் இருவருக்கும் சண்டையாம், கம்பெனியை மூடிவிட்டார்களாம். மத்தியானத்துக்குள் இடமே காலியாகிவிட்டது.

எங்களுக்கு வர வேண்டியது தொள்ளாயிரத்து இருபது ரூபாய். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது பெரிய பணம். ஆலங்காயம் மளிகைக் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பக்கத்து ஊரில் மூன்று மலைக் குடும்பங்கள் என்னை நம்பி மூட்டை மூட்டையாகச் சாமையும் அவரைக்கொட்டையும் கொடுத்திருந்தன. அவர்கள் ஒருநாளும் வாய்திறந்து கேட்கவில்லை. சந்தையில் அவர்களைப் பார்த்தால் நான்தான் வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

முதலாளிகளில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். இன்னொருவர் திருப்பத்தூரில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். போய்க் கேட்டேன். "கம்பெனியே இல்ல, யாரைக் கேக்குற? அங்க போய்க் கேளு" என்று பூட்டிய பழைய ஆபீசைக் கை காட்டினார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என் கணவர் விட்டுவிடச் சொன்னார். "கோர்ட்டுக்குப் போனா ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான். நமக்கு இன்னாத்துக்கு?"

என்னால் அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. கம்பெனி பேருக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். அதுவும் வந்தது. இரண்டு உறையையும் எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் டைப் மெஷின் வைத்து மனு எழுதிக் கொடுக்கும் பாய் ஒருவர் இருந்தார். உறைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"செத்துப்போன கம்பெனிக்கு எத்தினி லெட்டர் போட்டாலும் படிக்காதும்மா. உயிரோட இருக்கிற மனுசன் மேல கேஸ் போடு. கம்பெனிய மூடிட்டா கூட்டாளி வாங்கின கடன் போயிடுமா?"

இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஆறு மாதம் அலைந்திருக்கிறேன். தொகை சின்னது, வக்கீல் இல்லாமல் நானே நின்று பேசலாம் என்று சொல்லி அவரே மனுவை அடித்துக் கொடுத்தார். "ஜெயிச்சிட்டு வந்து குடு" என்று கூலி வாங்கவில்லை. நாலு கோழிகளை விற்று கோர்ட் கட்டணம் கட்டினேன்.

சிமெண்ட் கடைக்காரர் வக்கீலோடு வந்தார். சீட்டுகளில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்றே தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். மேஸ்திரியைத் தேடிப் போனேன். ஒடுகத்தூர் பக்கம் ஒரு பாலம் வேலையில் இருந்தார். அவருக்கும் கடைசி வாரக் கூலி வரவில்லை. ஆனால் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னவருக்கு நாளைக்கு எந்த காண்ட்ராக்டர் வேலை தருவார்? தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

கையிலிருந்த கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் துன்ன சோறும்மா அது. வர்றேன்."

சொன்னபடி வந்தார். கூண்டில் ஏறிச் சீட்டுகளைப் பார்த்து, "என் கையெழுத்துதாங்க. எனக்கு எழுதத் தெரிஞ்சதே இது ஒண்ணுதான்" என்றார்.

வக்கீல் விடவில்லை. "இருபத்திரண்டு பேரும் மூணு வாரமும் ஒருவேளைகூட விடாமல் சாப்பிட்டார்களா?"

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க" என்றார்.

வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார்.

மேஸ்திரி மெதுவாகத் தொடர்ந்தார். "எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல். கஞ்சித் தண்ணிகூட இறங்கல. படுத்துக்கினேதான் கையெழுத்துப் போட்டேன். அந்த ரெண்டு நாளும் ஒரு ஆள் கம்மியாத்தான் அந்தம்மா எழுதியிருக்கும். பாருங்க."

நானே அதை மறந்திருந்தேன். நீதிபதி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு சீட்டைத் தனியே எடுத்து வைத்தார். அடுத்ததையும் எடுத்து வைத்தார். இரண்டிலும் இருபத்தொன்று என்று இருந்தது. இரண்டு சீட்டுகளையும் வக்கீலிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. செலவுத் தொகையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். அப்படியும் சிமெண்ட் கடைக்காரர் கட்டவில்லை. மறுபடி மனு போட்டேன். ஒரு சந்தை நாள், கடையில் கூட்டம் நிறைந்திருந்த காலை நேரத்தில், கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனா என்னோடு அந்த சிமெண்ட் கடைக்கு வந்தார். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை ஜப்தி செய்யப் போவதாகச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். முதலாளி அமீனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்லாவைத் திறந்தார். மொத்தப் பணமும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கடையில் யாரும் சிரிக்கவில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பாய்க்கு அவர் கூலியைக் கொடுத்தேன். ஆலங்காயத்தில் இறங்கி மளிகைக் கடன் தீர்த்தேன். மலைக்குப் போனதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் அந்த மூன்று குடும்பங்களின் வாசலிலும் ஏறினேன். ஒரு வீட்டுப் பெண் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இந்த வருசம் சாமை நல்லா வெளஞ்சிருக்கு. எத்தினி மூட்டை வேணும்?" என்று கேட்டாள். இத்தனை நாள் நான் அவளைப் பார்த்து ஓடியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேஸ்திரியைப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். கோர்ட்டுக்கு வந்த நாளின் கூலியைக் கையில் வைத்தபோது வாங்க மறுத்துவிட்டார். சட்டம், வழக்கு எல்லாம் பிறகு கொஞ்சம் தெரிந்துகொண்டேன். பெரிய ஆபீஸ் படிகளில் பயமில்லாமல் ஏறவும் பழகிவிட்டேன். ஆனால், தனக்குப் பாதகமாகப் போகலாம் என்று தெரிந்தும் நாலு பேர் முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்ல ஒருவர் வந்து நின்றாரே, அந்தத் தைரியத்தில் பாதியாவது என்னிடம் இருக்க வேண்டும் என்றுதான், யாருக்காவது சாட்சி சொல்ல வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.