அரியண்டம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் வந்துவிட்டது, முன்பின்னாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம். அண்மையில் ஒரு பிள்ளை, "அரியண்டம் எண்டால் என்ன?" என்று கேட்டது. அருவருப்பு, தொந்தரவு, கரைச்சல் எல்லாம் அதுதான் என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

கடையில் கூப்பனுக்கு அரிசி வாங்கிய காலம். சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. பெரியம்மாவின் வாயில் அந்தச் சொல் எந்நேரமும் இருக்கும். கூப்பன் அரிசியின் மக்கல் மணம் அரியண்டம். புகையிலை காயும்போது பெய்யும் மழை அரியண்டம். காலில் மிதிபட்ட கோழி எச்சம் அரியண்டம். பசிக்கிறது என்று சேலையைப் பிடித்து இழுத்தால், "அரியண்டப்படுத்தாதை, போடி" என்பார். எனக்கு ஏழு வயது. பிடிக்காத எதற்கும் சொல்லலாம் என்று நானும் பழகிக்கொண்டேன்.

அந்தப் பங்குனியில் சின்னம்மாவுக்கு அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்தது. ஆவணியில் அவருக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வாசல் படலையில் வேப்பிலை கட்டினார்கள். வீட்டில் மீன் இல்லை, தாளிதம் இல்லை. வந்திருப்பது நோயல்ல, அம்மாள். அதனால் ஒருவரும் முகம் சுளிக்கக் கூடாது. கொப்புளத்தைக்கூட முத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

என்னை அறைக்குள் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தேன். அம்மா வேப்பிலையால் சின்னம்மாவின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கன்னம் முழுக்க நீர் கட்டியிருந்தது. ஒரு முத்து உடைந்து வழிந்தது.

"ஐயோ, அரியண்டம்!" என்று கத்திவிட்டேன்.

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். "அம்மாள் இருக்கிற வீடடி! என்ன சொல்லிப்போட்டாய்!"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஓடிவந்தார். "ஆர் இவளுக்கு உந்தச் சொல்லைப் பழக்கினது?"

"வேறை ஆர், அக்கா? நீங்கள்தான்!"

பெரியம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரச் சட்டையோடு அம்மாள் படத்தின் முன் நிறுத்தினார்.

"தாயே, தெரியாமல் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு."

மூன்று தரம் சொன்னேன். பெரியம்மாவும் பக்கத்தில் நின்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் வாயால் சின்னம்மா செத்துப்போவார் என்று எனக்குப் பயம். சோறு இறங்கவில்லை. அறையில் இருமல் கேட்டால்தான் மூச்சு வரும். பிறகு ஒருநாள் முத்து இறங்கி, அவருக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். அம்மாள் என்னை மன்னித்துவிட்டார் என்று துள்ளிக்கொண்டு திரிந்தேன்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மணவறையில் சின்னம்மா கடைசிவரை முகத்தை நிமிர்த்தவில்லை. "பொம்பிளைக்கு வெக்கம்" என்று சனம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று நான் கத்தியதைக் கட்டிலில் கிடந்து அவரும் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவரிடமும் மன்னிப்புக் கேள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வந்தது வைசூரியோ கொப்புளிப்பானோ, எத்தனையாம் நாள் தண்ணீர் வார்த்தார்களோ, எனக்குச் சரியாக நினைவில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.