நோரீன் பேரில் ஒரு விளக்கு

மலை நிழல் விழுந்துவிட்டால் டெஸ்மண்ட் பைபஸின் வீட்டுக்கு மூன்று மணியோடு பகல் முடிந்துவிடும். ஹோபார்ட் நகரின் அந்த மலைச்சரிவில் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். விளக்கில்லாமல் அங்கே ஆர்க்கிட் பூக்காது.

டெஸ் படகுத் துறையில் கயிறு கட்டி ஓய்வு பெற்றவர். செடிகள் மனைவி நோரீனுடையவை. இப்போது அவர்தான் நீர் ஊற்றுகிறார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், செடிக் கொட்டகையின் ஊதா விளக்கு வெளிச்சத்தில், ஆணியில் தொங்கும் அவளுடைய மழைக்கோட்டு தொட்டிகள்மேல் குனிந்திருப்பதுபோல் தெரியும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

விலை குறைவென்று இணையத்தில் அந்த ஊதா விளக்கை அவள் பெயரில் வாங்கியது அவர்தான். முதல் குளிரிலேயே அது அணைந்தது. வாரண்டி இருந்தது, ஆனால் கடல் தாண்டித் திருப்பி அனுப்ப வேண்டும். விற்றவர்கள் ஏமாற்றவில்லை. நோரீனை அடக்கம் செய்த மறுவாரம், அவள் பெயர் ஒட்டிய பெட்டியில் மாற்று விளக்கு வந்தது. அதற்குள் மொட்டுகள் பழுத்து உதிர்ந்திருந்தன.

இப்போது அந்த விளக்கும் பாதி செத்துவிட்டது. அதுவும், அவள் போனபின் முதன்முறையாகப் பச்சை ஆர்க்கிட் பூந்தண்டு விட்டிருக்கும் நேரத்தில். வாரண்டி இன்னும் முடியவில்லை. வாங்கியவர்தான் எழுத வேண்டும் என்றார்கள், நோரீனாகவே எழுதினார். “அன்புள்ள நோரீன், செடிகள் நலமா? ஆறு வாரத்தில் புதியது அனுப்புகிறோம்” என்று பதில் வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை தட்டிலேயே ஆறிப்போயிற்று.

மறுநாள் நண்பன் லைலின் தோட்டக்கடைக்குப் போனார்.

“விலை மூணு மடங்குதான் டெஸ். ஆனா அஞ்சு வருஷத்துல எப்பப் போனாலும் இந்த மேசை மேல வை, அன்னிக்கே வேற எடுத்துட்டுப் போ. உன் மொட்டு ஆறு வாரம் காத்துக்கிட்டா இருக்கும்?”

“எனக்கு அஞ்சு வருஷ வாரண்டி யாருடா குடுத்தா?”

“நீ எங்க போகப்போற? சவப்பெட்டி விலையக் கேட்டே எந்திரிச்சு உக்காந்துடுவியே.”

ஊதாவில் இருக்கிறதா என்று கேட்டார். வெள்ளை மட்டும்தான் என்றான் லைல். டெஸ் பணத்தை எடுத்தார்.

“ரசீது யார் பேர்ல?”

“நோரீன் பைபஸ்.”

அவள் சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கியவன் லைல். அவன் பேனா நின்றது. “பேருக்குரியவங்க வந்து கேட்டாத்தான் வாரண்டி செல்லும், டெஸ்.”

“தெரியும். எழுது.”

வெள்ளை வெளிச்சத்தில் கோட்டு வெறும் கோட்டாக இருந்தது. கைமுனையில் சேறு காய்ந்திருந்தது. அதன்பின் அவர் சமையலறை ஜன்னல் பக்கம் அதிகம் போகவில்லை. மொட்டுகள் மட்டும் ஒன்றுகூட உதிரவில்லை.

முதல் பூ விரிந்த வாரம் கடல் தாண்டி மாற்று விளக்குப் பெட்டி வந்தது. கொண்டுவந்த பெண் அதன்மேல் இருந்த பெயரைப் படித்தாள்.

“நோரீன் இருக்காங்களா? கையெழுத்து வேணும்.”

டெஸ் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

“கை பூரா மண்ணா இருக்கும்மா அவளுக்கு. குடு, நான் போடறேன்.”

அன்று மாலை கொட்டகையில் ஊதாவும் எரிந்தது.