புதுச்சேரியில் போட்ட பிரெஞ்சு ஓட்டு

ஞாயிறு காலை ஏழு மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்தான். ஜன்னலோர இடம் கிடைத்தும் பயனில்லை. சித்திரை வெயிலும் அந்தப் பக்கமே உட்கார்ந்து வந்தது. புதுச்சேரியில் இறங்கி, போன வருஷம் ரயிலில் பழக்கமான காசிம் பாய் வீட்டுக்கு ஆட்டோ பேசினேன். இருநூறு கேட்டவர் நூற்றைம்பதுக்கு இறங்கினார்.

“சொல்தா வூட்டுக்கா சார்? இன்னிக்கு அவங்களுக்கு எலெக்‌ஷனாச்சே!”

“உங்களுக்கு ஓட்டு இல்லையா?”

“எனக்கு எப்பிடி சார்? அது பிரான்ஸ் ஜனாதிபதிக்கு!”

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவரை இந்த ஊர் ‘சொல்தா’ என்கிறது. பாய் அப்படி ஒருவர். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. எனக்குத் தலை சுற்றியது. இங்கே ஒருவர் காலையில் அணுகுண்டு வைத்திருக்கிற நாட்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திரும்பும் வழியில் வைத்திக்குப்பத்தில் வஞ்சிரம் வாங்கலாம்.

எட்டரை மணி. இடியாப்பமும் பாயாவும் வைத்தார் பாயின் மனைவி ஆமினா. சாப்பிடுகிற முகம் யாருக்கும் இல்லை. மகன் பிரெஞ்சுப் படையில் சிப்பாய். மகள் பாரிஸ் பக்கத்தில் குடும்பம் நடத்துகிறாள், முக்காடு போடுகிறவள். முதல் சுற்று முடிந்து போட்டியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஐரோப்பாவின் கிழக்கே நடக்கும் போருக்குப் படை அனுப்புவேன் என்கிறார் ஒருவர். ஒரு சிப்பாயையும் அனுப்ப மாட்டேன் என்கிறார் மற்றவர். ஆனால் தெருவில் முக்காடு போட்டால் அபராதம் என்றும் சொல்கிறார்.

“நேத்து பொண்ணு போன் பண்ணா. ‘அண்ணன் போவக் கூடாது அத்தா, முக்காடு என் பாடு’ன்றா,” என்றார் பாய். “பையன் ஒண்ணும் சொல்றதில்ல. துன்ற சோத்த போட்டோ எடுத்து அனுப்புறான்.”

“என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?”

“நான் பொண்ணுக்காகப் படை அனுப்புறவனுக்குப் போடுறேன். இவ பையனுக்காக மத்தவனுக்குப் போடுவா.”

“ரெண்டும் கழிஞ்சுபோயிடுமே பாய்!”

“கழியட்டும். ரெண்டு புள்ளைங்களுக்கும் ஞாயம் பண்ண மாதிரி இருக்கும்ல?”

அது நியாயமா, நியாயத்திலிருந்து தப்பிப்பதா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் சண்டை போடாமல் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்களே என்று மரியாதை வந்தது.

பத்து மணி. வாக்குச்சாவடி வாசலோடு நான் நின்றுவிட்டேன், அயல்நாட்டானாயிற்றே! நம் ஊர்போல மையும் இல்லை, பொத்தானும் இல்லை. வேட்பாளருக்கு ஒன்றாகப் பெயர் அச்சடித்த இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும். வேண்டியதை உறையில் வைத்துவிட்டு, மீந்ததைக் குப்பைக்கூடையில் போடலாம், பையிலும் வைத்துக்கொள்ளலாம். உறை பெட்டியில் விழுந்ததும், ஓட்டுப் போட்டாயிற்று என்று பிரெஞ்சில் குரல் கொடுப்பார்களாம். முதலில் பாய் வந்தார். வெகுநேரம் கழித்து ஆமினா வந்தார்.

எதிரே இளநீர்க் கடையில் நின்றோம். ஐம்பது ரூபாய், தண்ணீர் உப்புக் கரித்தது. பாய் தன் மீந்த சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டுக் கையை நீட்டினார். “உன்னுதையும் குடு, கிழிச்சுடறேன்.”

“மீதி இல்லீங்க.”

“இன்னாது?”

“ரெண்டையும் உறையிலயே வச்சுட்டேன்.”

“அது செல்லாது ஆமினா!”

“தெரியும். ஒரு புள்ளய வச்சுக்கினு இன்னொரு புள்ளயக் குப்பயில போட எனக்குக் கை வரல.”

பாய் அவரைத் திட்டவில்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்போல விரல்களை மடக்கினார். பிறகு முகம் வெளுத்தது.

“அப்ப என் ஓட்டு கழியல,” என்றார்.

ஆமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஒரு ஓட்டுல யாரும் ஜெயிக்கிறதில்ல பாய்,” என்றேன். நம் ஊரில் போட்டும் போடாமலும் நான் எத்தனையோ முறை சொன்ன வார்த்தை அது. அன்று சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட பாய் வந்தார். பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“நானும் படையில இருந்தேன் சார். எங்கள அனுப்புனவன் யாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல,” என்றார். “பையன் கேட்டா இன்னா சொல்றது?”