விரல் வைத்து வாசித்தவள்

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் என் மகளுக்கு ஒரு வரிகூட வாசிக்க வரவில்லை. "மெயின்லேண்டுல அக்கா வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் கப்பல் டிக்கெட்டே எடுத்துவிட்டார். சுனாமி என் தாயைக் கொண்டுபோன துக்கமே ஆறவில்லை. இருக்கிற ஒரே பிள்ளையையும் கப்பலில் ஏற்று என்றால் எப்படி ஏற்றுவேன்?

எங்கள் அந்தமான் தீவின் ஹட் பே கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அரசு நூலகம் நடந்தது. பழைய கட்டடம் அலையோடு போயிருந்தது. நிவாரணப் பெட்டிகளில் வந்த தமிழ்ப் படப் புத்தகங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. நூலகர் வங்காளி, தமிழ் தெரியாது. ஆனாலும் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காதவள் அங்கே மடமடவென்று வாசித்தாள். "பஹுத் அச்சா, பேட்டி", ரொம்ப நல்லா இருக்கு மகளே, என்று இந்தியில் மெச்சுவார் அவர்.

என் வீட்டுக்காரர் தோட்ட வேலையிலேயே வளர்ந்தவர், எழுத்து தெரியாது. ஒரு நாள் நூலகத்துக்கு வந்து அவள் வாசிப்பதைக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"கப்பல் வர்ற அன்னைக்கு இன்னொருக்கா கேக்குறேன். இதே மாதிரி வாசிச்சா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாம்."

அவர் போனதும், அப்பாடா என்று மகளிடம் குனிந்தேன். புத்தகத்தில் ஆனை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அவள் வாயிலோ ஆனைக்குக் காய்ச்சல், ஊசி போட டாக்டர் வருகிறார். இத்தனை நாளும் படத்தைப் பார்த்துக் கதை விட்டிருக்கிறாள்.

நூலகரிடம் போய் அழுதேன். தலையில் கைவைத்துக்கொண்டவர், தினமும் கூட்டிவரச் சொன்னார். நான் எழுத்துக் கூட்டிக் கொடுப்பேன். அவர் அவள் விரலைப் பார்ப்பார். விரல் நகராமல் வாய் ஓடினால் மேசையைத் தட்டுவார். கடல் கொந்தளித்துக் கப்பல் தள்ளிப்போனது. இன்னும் கொந்தளிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தாயைக் கடலுக்குக் கொடுத்தவள் வேண்டுகிற வேண்டுதலா அது?

கப்பல் வந்த அன்று என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். "பழையபடி கதையே சொல்லிடுடி" என்று மகளின் காதில் கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு விரலை வைத்தாள்.

"ஆ... னை... ஆற்... றை..."

"என்னா இது? அன்னைக்கு மடமடன்னு வாசிச்சா, இப்ப திக்குறா. இருந்ததும் போச்சா?"

"இப்பதாங்க நெசமா வாசிக்கிறா. அன்னைக்குச் சொன்னது அவளா கட்டுன கதை."

"புள்ளய வச்சுக்கணும்னு எதையாச்சும் சொல்லாத."

நூலகர் எழுந்தேவிட்டார். இப்போதுதான் இவள் உண்மையாக வாசிக்கிறாள் என்று இந்தியில் மன்றாடினார்.

"உங்களுக்குத்தான் தமிழே தெரியாதே, சாப்" என்று என் வீட்டுக்காரரும் இந்தியிலேயே சொன்னார்.

பெட்டியை எடுக்க இவர் வீட்டுக்குக் கிளம்பினார். மகள் விரலை எடுக்கவில்லை. வரியின் கடைசிச் சொல் வரைக்கும் கூட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்பா, ஆனை கரை ஏறிடுச்சு."

வாசலில் அவர் செருப்பு இல்லை.